நான் மயங்கி விழவில்லை

வீட்டுக்கு அனுப்பும் அன்று மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். தலையில் அடிபட்டவர்கள் எப்படி இருப்பார்கள், வீட்டில் உள்ளவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அச்சடித்த தாள். மறதி இருக்கும், சோர்வு இருக்கும், சத்தமும் வெளிச்சமும் பிடிக்காது, காரணமில்லாமல் கோபம் வரும். 'காரணமில்லாமல்' என்ற சொல்லுக்குக் கீழே என் கணவர் பேனாவால் கோடு போட்டு, தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த வீட்டில் என் கோபம் எதற்கும் காரணம் இல்லாமல் போனது. காபி ஆறிப்போனதற்குக் கத்தினாலும் அந்தத் தாள். என்னைக் கேட்காமல் என் ஸ்கூட்டியை நாத்தனார் மகளுக்குக் கொடுத்ததற்குக் கத்தினாலும் அந்தத் தாள்.

இப்போது தேறிவிட்டேன். தேறிவிட்டேன் என்றால் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். என்னைப் போலத் தலையில் அடிபட்டு, வீட்டார் எல்லோரும் மெதுவான குரலில் பேசும் ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் மகேஸ்வரி. வயது நாற்பத்து மூன்று. கோச்சடையில் வீடு. மதுரை நகருக்குள் ஓர் உதவிபெறும் பள்ளியில் பதினேழு வருடமாகக் கணக்கு ஆசிரியை. கணவர் கணேசன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஒரே மகள் யாழினி அப்போது பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பும்போது அவர் பைக் ஓட்ட, நான் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தேன். பட்டுச்சேலை. அவர் தலையில் ஹெல்மெட், என் தலையில் பூ. பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கியதுவரை எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த நினைவு, ஒரு நர்ஸ் குனிந்து, "இது எந்த ஊரும்மா?" என்று கேட்டது. மதுரை என்றேன். அவள் திரும்பி, "இன்னைக்குச் சரியாச் சொல்லிட்டாங்க" என்று யாரிடமோ சொன்னாள். இடையில் ஒன்பது நாட்கள் போயிருந்தன.

அந்த ஒன்பது நாளும் நான் மயக்கத்தில் கிடக்கவில்லையாம். கண்ணைத் திறந்து பேசிக்கொண்டுதான் இருந்தேனாம். ஊசிக்குழாயைப் பிடுங்குகிறேன் என்று ஐ.சி.யூ. கட்டிலில் கைகளைத் துணியால் கட்டினார்களாம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரிடம் வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்று கேட்டேனாம். பார்க்க வந்த உறவினர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கட்டிப்போட்ட ஒரு பெண்ணைப் பற்றிய கதையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"என்னங்க ஆச்சு எனக்கு?" என்று கணவரிடம் கேட்டேன்.

"வாரப்ப உனக்கு மயக்கம் வந்து விழுந்துட்ட மகேசு. நாகமலைக்கு முன்னாடி. கல்யாண வீட்டுல நீ சரியாவே சாப்பிடல."

"சாப்பிட்டேனே. பாயசம் ரெண்டு தடவ வாங்குனேன்."

அவர் எனக்குப் பதில் சொல்லாமல் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ், "கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான் சார், மாத்தி மாத்திப் பேசுவாங்க" என்றாள்.

ஸ்கேன் படத்தை விளக்கொளியில் வைத்து மூளை மருத்துவர் விளக்கினார். பின்மண்டை தரையில் மோதியிருக்கிறது. ஆனால் காயம் முன்பக்க மூளையில். தலை பின்பக்கம் இடிக்கும்போது உள்ளே இருக்கும் மூளை குலுங்கி, நெற்றி எலும்பின் சொரசொரப்பான உட்பக்கத்தில் போய் உரசும். அங்கே கன்றிப்போய் இரத்தம் கசிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை வேண்டாம், தானாகக் கரையும். கோபத்தை அடக்குவதும், ஒரு வேலையை ஆரம்பித்து முடிப்பதும் அந்த இடத்தின் வேலை என்பதால் அதில் சிரமம் இருக்கும். வாசனை நரம்பும் அங்கேதான் இருக்கிறது, அறுந்திருக்கலாம். இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. அவரிடம் சொல்லப்பட்டதை வைத்துத்தான் அவர் வைத்தியம் பார்த்தார்.

அவரிடம் சொல்லப்பட்டது, நான் மயங்கி விழுந்தேன் என்பது. நாற்பது வயதைத் தாண்டிய பெண் ஓடும் வண்டியில் காரணமில்லாமல் மயங்கினால் அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா. மார்பில் கம்பிகளை ஒட்டி, ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் பெட்டியை இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். தலை முழுக்கப் பசை தடவிக் கம்பிகள் ஒட்டி மூளையின் மின் ஓட்டத்தைப் பார்த்தார்கள். ஒரு பலகையில் என்னைப் பட்டையால் கட்டி, பலகையோடு நிமிர்த்தி நிறுத்தி, இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது எல்லோரையும் இன்னும் பயமுறுத்தியது. வலிப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, அடிபட்டவர்களுக்கு ஆரம்பத்தில் சில நாள் மட்டும் கொடுக்கும் வலிப்பு மாத்திரையை எனக்கு நீட்டித்துக்கொண்டே போனார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

அந்தக் காத்திருப்பு அறைகளில் நான் பயத்தோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மயக்கம் எப்போது வரும், அடுப்படியிலா, மாடிப்படியிலா. பக்கத்தில் கணவர் என் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு சோதனைக்கும் அவர்தான் கையெழுத்துப் போட்டார். அவற்றில் எதுவும் தேவையில்லை என்று அந்தக் கூட்டத்தில் அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டில் என்னைத் தனியாக விடவில்லை. குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் போடக்கூடாது. தெருமுனைக் கடைக்குப் போகக்கூடாது. பள்ளியில் தலைமையாசிரியை, "மயக்கம் வர்றவங்கள மாடிக்கு ஏத்த முடியாது டீச்சர், ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லணும்" என்று தன்மையாகச் சொல்லி, என் வகுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்தார்.

வாசனை போனது போனதுதான். ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டியூஷனிலிருந்து வந்த யாழினி வாசலிலேயே மோந்துவிட்டு ஓடிவந்து மூடினாள். அன்றிலிருந்து காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பால், மாவு, முந்தின நாள் குழம்பு எல்லாவற்றையும் மோந்து பார்த்து, "இது நல்லாருக்கும்மா, இதக் கொட்டிரு" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். கணவர் வாரம் இரண்டு தடவை என் தலையை அலசிவிட்டார். பின்மண்டைத் தழும்பைச் சுற்றி விரல் நுனியால் மெதுவாக. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் அது ஒன்றுதான். அதையும் பின்னால் எனக்கு இல்லாமல் செய்தார்.

அடுத்து வருவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம். முன்பு பத்து நிமிடத்தில் போடும் ஒரு முக்கோணவியல் கணக்கை ஒரு மணி நேரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரி வரும்போது முதல் வரி மறந்துவிடும். யாழினி மிக்ஸி போட்டாள். நிறுத்து என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. கையில் இருந்த சில்வர் டம்ளரை எறிந்தேன். அவளுடைய புருவத்தில் பட்டு இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. பள்ளியில் கேட்டவர்களிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் அவளும் என்னைத் திட்டவில்லை, அவரும் திட்டவில்லை. "அம்மாவுக்குத் தெரியாம வந்துச்சு" என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அழுதிருப்பேன். எனக்கு நாய்க்குக் கிடைக்கும் மன்னிப்பு கிடைத்தது.

அதன்பிறகுதான் கவுன்சலிங். முதலில் போன இடத்தில் சுவரில் 'மீண்டெழும் திறன்' என்று பெரிய எழுத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது, பாறையில் முளைத்த செடியோடு. அங்கிருந்தவர் என்னிடம் தினமும் காலையில் நன்றி சொல்லத்தக்க மூன்று விஷயங்களை எழுதச் சொன்னார். "உயிர் பொழச்சதே பெரிசு இல்லையாம்மா? நடந்ததை ஏத்துக்கங்க." என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது, நான் எதை ஏற்றுக்கொள்வது. இரண்டு தடவை போனேன். மூன்றாம் தடவை வரமாட்டேன் என்று வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூளை மருத்துவர் வேறொருவரிடம் அனுப்பினார். ஜெயசீலி என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மட்டும் பார்க்கும் உளவியலாளர். மருத்துவமனையின் உடற்பயிற்சிக் கூடத்தை ஒட்டித் தடுப்பு வைத்த ஒரு சின்ன இடம்தான் அவர் அறை. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது சைக்கிள் மிதித்துக்கொண்டே இருப்பார்கள்.

"கோபம் வருதுன்னு எழுதியிருக்காங்க," என்றார் என் தாள்களைப் புரட்டி. "என்னத்துக்கு வருது?"

எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, நடுவில் மறந்துபோனேன்.

"சரி, எழுதிட்டு வாங்க. எப்ப வந்துச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எம்புட்டு நேரம் தூங்கியிருந்தீங்க, மாத்திரை எப்பப் போட்டீங்க. அம்புட்டுதான். நன்றியெல்லாம் எழுத வேண்டாம்."

நான் கணக்கு டீச்சர். கட்டம் போட்டு எழுதினேன். இரண்டு வாரத்தில் முப்பத்தொரு கோபம். ஜெயசீலி ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மதியத்துக்குமேல் சோர்ந்தபோது வந்தவை ஒரு குவியல். சத்தத்தில் வந்தவை ஒரு குவியல். மாத்திரை போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில், ஒன்றுமே நடக்காமல் நெஞ்சு கொதித்தவை ஒரு குவியல். "இந்த மாத்திரை சில பேருக்கு இப்பிடிச் செய்யும். டாக்டர்கிட்ட பேசுவோம்" என்றார். பென்சில் ஒன்பது இடத்தில் மட்டும் எதையும் குறிக்காமல் தாண்டிப் போயிருந்தது.

"இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"ஸ்கூட்டியக் கொடுத்தது. உங்க பேருல உங்க வீட்டுக்காரரே லீவு லெட்டர் எழுதுனது. உங்களப் பத்தி உங்க முன்னாடியே உங்களக் கேக்காமப் பேசுறது. இதுக்குத் தலையில அடிபடணும்னு அவசியமில்லையே டீச்சர். எனக்கும் வரும்."

அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்து நான் அழுதேன். இது நோய் இல்லை என்று ஒருவர் சொன்னதற்காக.

அவரிடம் கற்றுக்கொண்டவை எளிமையானவைதான். கோபம் வருவதற்கு முன் எனக்குக் காது மடல் சூடாகும். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. சூடானால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அறையை விட்டுப் போய்விட வேண்டும். யாழினி பின்னால் வரக்கூடாது. இருபது நிமிடத்துக்கு மேல் எந்தக் கணக்கும் போடக்கூடாது. ஒவ்வொரு வரியையும் எழுதிவிட வேண்டும், மனதில் வைக்கக்கூடாது. மனக்கணக்கில் பெயர் வாங்கிய எனக்கு அதைக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. செய்தேன்.

ஒருநாள் பேசும்போது நான் கைகளை மேஜைமேல் மல்லாத்தி வைத்திருந்தேன். இரண்டு உள்ளங்கையிலும் மணிக்கட்டை ஒட்டிப் பழைய தழும்பு. முழங்கைகளிலும் உண்டு. ஜெயசீலி எதேச்சையாகத்தான் கேட்டார், "இது அன்னைக்கு விழுந்ததா?" ஆமாம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. மயங்கினவள் மூட்டை மாதிரிச் சரிவாள். நான் கையை ஊன்றியிருக்கிறேன். விழுகிறோம் என்று தெரிந்து விழுந்திருக்கிறேன்.

அடுத்த முறை கணவரையும் வரச் சொன்னார்.

"சார், அன்னைக்கு நடந்தத எனக்கு ஒரு தடவ சொல்லுங்க."

"மயக்கம் வந்துச்சு. விழுந்துருச்சு."

"பின்னால உக்காந்திருந்தவங்களுக்கு மயக்கம் வந்தது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சு? தோள்ல சாஞ்சாங்களா?"

"இல்ல."

நான் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினேன். "ஊனியிருக்கேன். பாருங்க."

அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சைக்கிள் நின்றது, மறுபடி ஓடியது.

"ஸ்பீடு பிரேக்கர்," என்றார். "புதுசாப் போட்டது, கோடு போடல. நான் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"போன் பேசிக்கிட்டு இருந்தேன். ஹெல்மெட்டுக்குள்ள சொருகி."

"யார்கிட்ட?"

"ஆபீஸ்ல. ஒண்ணுமில்லாத விசயம் மகேசு."

கேசுவாலிட்டியில் எப்படி நடந்தது என்று கேட்டார்களாம், விபத்து என்றால் போலீசுக்குத் தகவல் போகும் என்றார்களாம். போன் பேசியது தெரிந்தால் தன் மேல் வழக்காகிவிடுமோ, வேலைக்கு ஆபத்தாகுமோ என்று பயந்து, மயக்கம் என்று வாயில் வந்துவிட்டதாம். பிறகு மாற்ற முடியவில்லையாம்.

"பிறகுன்னா எப்ப?" என்று கேட்டேன். "பலகையில கட்டி நிறுத்துனாங்களே, அப்ப முடியலையா? பாத்ரூம் கதவத் திறந்து வெச்சுக் குளிச்சேனே, அப்ப? பிள்ளைக்குத் தையல் போட்டப்ப?"

என் காது மடல் சூடாகவே இல்லை. அதை நான் கவனித்தேன். குரல்கூட உயரவில்லை. தலையில் அடிபட்ட பிறகு நான் அவ்வளவு தெளிவாக இருந்தது அன்றுதான்.

ஜெயசீலி அவரிடம், "இத டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும் சார்" என்றார். என்னிடம், "மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க. திடீர்னு விட்டா நிஜமாவே வலிப்பு வந்துரும். டாக்டர்தான் குறைக்கணும்" என்றார். ஜெயசீலி அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் அன்றிரவே குப்பையில் போட்டிருப்பேன்.

அடுத்த வாரம் மூளை மருத்துவர் முன்னால் உட்கார்ந்து கணவர் சொன்னார். மருத்துவர் கேட்டுவிட்டு, என் கோப்பின் முதல் பக்கத்துக்குப் போனார். பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தார். அதற்குமேல், பைக்கின் பின்னிருக்கையில் இருந்து வேகத்தடையில் தூக்கியெறியப்பட்டு விழுந்தார் என்று எழுதித் தேதி போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இத முதல்லயே சொல்லியிருந்தா இத்தன மாத்திரை வேண்டியதில்ல" என்று மட்டும் சொன்னார். மறுபடி ஒருமுறை மூளையின் மின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மாத்திரையோடு வந்த கொதிப்பு மாத்திரையோடு போனது.

யாழினியிடமும் அவரே சொல்ல வேண்டும் என்றேன். பள்ளியில் தலைமையாசிரியையிடமும். இரண்டையும் செய்தார். தலைகுனிந்து செய்தார் என்பதற்காக எனக்கு இரக்கம் வரவில்லை. யாழினி அப்பாவிடம் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் என்னிடம் வந்து, தன் புருவத்தைக் காட்டி, "அப்ப இது யாரு பண்ணுனது?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். பழியை மாத்திரைமேல் போட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. "நான்தான் எறிஞ்சேன். மன்னிச்சுக்க." அவள், "வலிச்சுச்சும்மா" என்றாள். அதை முதல் தடவையாகச் சொன்னாள்.

ஜூனில் பள்ளிக்குத் திரும்பினேன். இப்போது ஆறாம், ஏழாம் வகுப்பு மட்டும். காலையில் இரண்டு பீரியட், இடையில் ஒரு பீரியட் ஓய்வு. பிளஸ் டூ கணக்கு எனக்கு இனி வராது. அதை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். அது இல்லாமல் வேலை செய்கிறேன். வாசனை வரவில்லை. பேருந்தில் தனியாகப் போய் வருகிறேன். தேறிவிட்டேன் என்றால் இதுதான்.

கணவரோடு அதே வீட்டில்தான் இருக்கிறேன். தலையை நானே அலசிக்கொள்கிறேன். அந்த விரல்களில் இருந்தது அன்பா, குற்ற உணர்ச்சியா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது. ஜெயசீலியிடம் கடைசியாகப் போனபோது, "இந்தக் கோபம் எப்ப போகும்?" என்று கேட்டேன். "அதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்ல டீச்சர். அது உங்க குடும்ப விசயம்" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏதோ பேச்சில் நான் மறுபடி அந்த போன் அழைப்பை இழுத்தேன். வழக்கமாக அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார், அல்லது மெதுவாக எழுந்து போய்விடுவார். அன்று கையில் இருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"எம்புட்டுத் தடவதான் சொல்லிக்காட்டுவ? தப்புன்னு ஒத்துக்கிட்டேன், எல்லார் முன்னாடியும் சொன்னேன். நானும் மனுசன்தான? இந்த வீட்டுல ஒரு வருசமா நான் நிம்மதியாத் தூங்குனேன்னு நினைக்கிறியா நீ?"

கத்தியே சொன்னார். உள்ளேயிருந்து யாழினி எட்டிப் பார்த்தாள், அவளை நான் போகச் சொன்னேன். இந்த ஒரு வருடத்தில் என்னிடம் குரலை உயர்த்திய முதல் ஆள் அவர்தான். என் கோபத்துக்கு மருந்து தேடாமல், பயப்படாமல், பதில் சொன்னார்.

அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, என் பதிலைச் சொல்ல ஆரம்பித்தேன்.